பிசுக்கு ஏறிய ரிமோட்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள். முன்னே பின்னே மறந்தும் போகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோய், எல்லாமே படுக்கையில்தான். செஞ்சியில் பொழுது சாய்ந்தாலும் பாறை சூட்டை விடாது. காற்று இல்லையென்றால் அவர் முதுகு வேர்த்து ஊறிப் புண்ணாகிவிடும். அதற்காகவே சென்னையில் இருக்கும் மகன் ரிமோட் ஃபேன் மாட்டிக் கொடுத்தான். சுவரில் இருந்த பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டார்கள். கூட்டவும் குறைக்கவும் ரிமோட் ஒன்றுதான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது கேட்கவில்லை. சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், ஆனால் இறக்கைகளை எண்ணிவிடலாம். மகன் போனில் புது பேட்டரி போடச் சொன்னான், சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னான். எல்லாம் செய்தேன். அதற்குள் அவர் முதுகு சிவந்து, தோல் உரிய ஆரம்பித்தது.

மகன் சொல்லி, கடைத்தெருவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தான். வாய் நிறையப் பாக்கு. ஏணி கிடையாது. சேற்றுக் காலோடு கட்டிலில் ஏறி, அவர் தலைமாட்டில் நின்றான். வெடித்த குதிகால் அவர் முகத்துக்குப் பக்கத்தில். ஃபேனைத் தட்டத் தட்டக் கறுப்புத் தூசி அவர் மேல் விழுந்தது. காலை எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெளி ஆம்பளையிடம் நிமிர்ந்து பேசிப் பழக்கமில்லை. கோணின வாயால் அவரே கேட்டார்.

"இன்னாப்பா, என்ன மிதிச்சாத்தான் ஃபேன் ஓடுமா?"

"ஃபேனுக்குள்ள இருக்கிற போர்டு போயிடுச்சி பெருசு. புதுசு வர ஒரு வாரம் ஆவும்."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகத் துப்பினான். பாதி எச்சில் கம்பியிலேயே வழிந்தது.

அந்த ஆள் போனதும் விரிப்பை உருவிப் போட்டேன். கம்பியில் பினாயில் ஊற்றினேன். இவரைத் துடைத்தேன். பிறகு ரிமோட். எந்நேரமும் இவர் கையில் கிடப்பது. கஞ்சி, எச்சில், முதுகுக்குத் தடவும் களிம்பு எல்லாம் ஏறி, தொட்டால் விரலோடு வந்தது. பூஜைக்கு அதன் நுனியில் நான் வைத்த சந்தனமும் குங்குமமும் கல்லாகக் காய்ந்திருக்க, அதன் மேல் எறும்பு. ஃபேன் ஓடும் என்று நினைத்துச் செய்யவில்லை. அருவருப்பு தாங்காமல் வெந்நீர்த் துணியால் தேய்த்து, நகத்தால் சுரண்டினேன். பொட்டு பெயர்ந்தது. அதற்கடியில் கடுகு போல ஒரு கண்ணாடி மணி. எந்தப் பட்டனில் விரல் பட்டதோ, மேலே பீப் என்று கத்திவிட்டு ஃபேன் வேகம் எடுத்தது.

"முதுகைத் திருப்புமே," என்றார். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார்.

பொட்டு வைக்கிற இடமா அது என்று மகன் போனில் சிரித்தான். முன்பக்கம்தானே நெற்றி என்றேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. துவைத்த விரிப்பில் அந்தக் கால் தடம் இன்னும் இருக்கிறது.

சந்தனத்தால் ரிமோட் கேட்காமல் போனதா, பிசுக்கால் போனதா, தெரியாது. அந்த மணிக்கு என்ன பெயர் என்றும் தெரியாது. கரண்டு வேலை தெரிந்தவர் யாராவது பார்த்து, நான் எழுதினதில் தப்பிருந்தால் திருத்திவிடுங்கள். படுத்த படுக்கையாக ஆள் இருக்கும் வேறு வீட்டிலும் ஒரு முதுகு புண்ணாகக் கூடாது.