சேகர் பேர்ல விழுந்த பூட்டு

நம்பலன்னா எழுந்து போயிடு, உன்னை உக்காரச் சொல்லி யாரும் இங்க கெஞ்சல. பேய்க்கதை சொன்னவனையெல்லாம் மூஞ்சிக்கு நேரா திட்டுன ஆளு நான்.

திருவண்ணாமலையில ஒரு லாட்ஜ் மாடியில நாங்க நாலு பேரு, ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் அடிக்கிற சாஃப்ட்வேர் எழுதிட்டு இருந்தோம். எல்லாரோட வேலையும் ஒரே சர்வர்ல. ஒருத்தன் திருத்துனதை ஏத்துறப்ப அந்த ஃபைல் மேல அவன் பேர்ல பூட்டு விழும், மத்தவன் தொட முடியாது. ஏத்தி முடிச்சா தானா போயிடும். நடுவுல கரண்ட் போச்சுன்னா பூட்டு அப்படியே நிக்கும். அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுதான் அழிக்கணும், அது எங்க பழக்கம்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட வேலை செய்யற சேகர் வந்து, "ண்ணா, ஒருத்தர் ரிப்போர்ட் இன்னொருத்தர் பேர்ல வருது, தப்பு உங்க ஃபைல்ல, நான் சரி பண்ணி ஏத்திடறேன்"னான். எனக்கு அப்பதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்துச்சு, வெளிய தெரிஞ்சா வேலை போயிடும். "உன் வேலையப் பாத்துட்டு போடா"ன்னேன். அவன் கேக்கல. ஏத்திட்டு இருக்கிறப்பவே கரண்ட் போச்சு. ஜுரம் ஜாஸ்தியா இருக்குன்னு கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறுனவன், ஞாயித்துக்கிழமை செத்துட்டான்.

திங்கக்கிழமை காலையில சர்வர்ல அவன் பூட்டு. இனி யாருகிட்ட கேக்கிறது? பூட்டையும் அவன் பாதி ஏத்துனதையும் சேத்தே அழிச்சேன். ஆமா, வேணும்னேதான் அழிச்சேன். டீ குடிச்சுட்டு வந்து பாத்தா மறுபடி அவன் பூட்டு, அன்னிக்குத் தேதியோட. எவனோ விளையாடறான்னு மத்த ரெண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிட்டு, சேகர் கம்ப்யூட்டர்ல இருந்த ஒயரையெல்லாம் உருவிப் போட்டேன். திரும்ப அழிச்சேன், திரும்ப வந்துச்சு. பட்டப்பகல்ல, கீழ பஸ் ஹார்ன் அடிச்சுட்டுப் போவுது, நான் நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு எழுந்துட்டேன்.

அதுக்கப்புறம் தொடல. நாலு மணிக்கு பூட்டு தானா போயிடுச்சு. திறந்து பாத்தேன். என் தப்பு திருத்தியாச்சு. திருத்துனது சேகர்னு இருக்கு. கீழ, யாரு சரிபாத்தாங்கன்னு எழுதற இடத்துல என் பேரு. சத்தியமா நான் அதை அதுக்கு முன்னாடி கண்ணால பாத்ததில்ல.

முதலாளி வந்து எட்டிப் பாத்தாரு. "பாவம், போறதுக்கு முன்னாடி நல்ல வேலை பண்ணியிருக்கான். நீ சரிபாத்தியா?"ன்னாரு.

ஆமான்னு சொல்லிட்டேன். வேலையும் நிலைச்சுது, கல்யாணமும் ஆச்சு. அவன் என்னைக் காப்பாத்துனானா, மாட்டிவிட்டானான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.