குசும்பர் வெயிலில் நடந்த கதை

மருந்துக்கடைக்காரருக்குத் தெருவில் குசும்பர் என்று பெயர். சும்மா வைக்கவில்லை. ஆண்மைக்குறைவுக்கு மாத்திரை கேட்டு எவராவது தயங்கித் தயங்கி வந்தால், கடையில் நாலு பேர் சேரும்வரை நிற்க வைப்பார். பிறகு, "அண்ணனுக்கு இன்னைக்கு விசேஷமாம், வழி விடுங்கப்பா!" என்று உரக்கச் சொல்வார். வந்தவர் கூனிக் குறுகி, மாத்திரை வாங்காமலே நழுவிவிடுவார். இவர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். என்ன சிரிப்போ, கண்றாவி.

அவருக்கே சர்க்கரை வந்து வருஷக்கணக்காயிற்று. காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்தால் ராத்திரிவரை டியூப்லைட் வெளிச்சம்தான். அலமாரியில் கைக்கு அகப்பட்ட மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். நடை, பரிசோதனை எல்லாம் அடுத்தவருக்குச் சொல்வதோடு சரி. ஒருநாள் படுக்கையில் உடம்பு அவரைக் கைவிட்டது. அப்புறம் அதுவே வாடிக்கையாகிவிட்டது.

அத்தனை பேரைப் பார்த்துச் சிரித்தவருக்கு இதைச் சொல்ல வாய் வருமா? மனைவி தோளில் கை வைத்து, "என்னங்க ஆச்சு?" என்று ஆதரவாகத்தான் கேட்டாள். அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"உன் உடம்பைக் கண்ணாடியில பார்த்தியா? உன்னைப் பார்த்தா எவனுக்குத் தோணும்?"

இரண்டு பிள்ளை பெற்று, கர்ப்பப்பையையும் எடுத்த உடம்பு அது. மறுநாளிலிருந்து அவள் ராத்திரிச் சாப்பாட்டை விட்டாள். பீரோக் கண்ணாடியைப் பழைய போர்வையால் மூடினாள். ஒருநாள் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். குசும்பர் கடையிலிருந்து டானிக் கொண்டுவந்து கொடுத்தார். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை, பாவி.

கடைசியில், தன்னைத் தெரியாத ஒரு டாக்டரைத் தேடி வெளியூர் போனார்.

"சர்க்கரை ரத்தக்குழாயையும் நரம்பையும் கெடுத்திருக்கு. வைட்டமின் டி வேற ரொம்பக் கம்மி. அதுக்கு மருந்து தரேன். வெயில் மேல படுற மாதிரி தினமும் வேகமா நடங்க. குணம் தெரியலாம், ஆனா உறுதியா சொல்ல முடியாது. நீங்களா எந்த மாத்திரையும் எடுத்துப் போட்டுக்காதீங்க" என்றார் டாக்டர். பிறகு, "வீட்ல சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டதாகக் குசும்பர் பொய்யாகத் தலையை ஆட்டிவைத்தார்.

ஆனால் நடந்தார். மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு, பள்ளிக்கூட மைதானத்தை வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். மாதங்கள் போயின. சர்க்கரை இறங்கியது. ஒருநாள் காலையில் கண் விழித்தபோது உடம்பு பழையபடி இருந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அடுப்படிக்குப் போனார்.

"இனிமே எல்லாம் சரியாயிடும்மா."

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். "எது?"

மென்று முழுங்கி, டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னார்.

"அப்போ என் உடம்பால இல்லையா?"

"இல்ல. என் சர்க்கரையால."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உன்னால இல்லைன்னு… அன்னைக்கே தெரியும்."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதால் சமாதானப்படுத்திவிடலாம். அவள் அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய், பீரோக் கண்ணாடியின் போர்வையை உருவினாள். கன்னம் ஒட்டிப்போன தன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குசும்பர் பின்னால் வந்து அவள் தோளில் கை வைத்தார்.

"கையை எடுங்க" என்றாள், கண்ணாடியைப் பார்த்தபடியே. "இப்ப எனக்குத் தோணல."