அமாவாசைக் குளியல்

ராமேஸ்வரத்திலிருந்து திரும்பும் கரி ரயிலில் என் எதிரே உட்கார்ந்திருந்த அக்காவுக்கு நயினார்கோவில் பக்கம். வெள்ளைச் சேலை, களையெடுத்துக் காய்த்த கை. ஈரமுடியை ஜன்னல் காற்றில் உலர்த்திக்கொண்டே வந்தார். அமாவாசை தவறாமல் கடலாட வருவாராம்.

“வீட்டுக்காரருக்காகவாக்கா?” என்றேன்.

குரலைத் தாழ்த்தினார். “மகன்கிட்ட அப்பிடித்தான் சொல்லிட்டு வாரேன், தாயி. அவரு சாம்பலைக் கரைக்க வந்தன்னிக்குக் கால் வழுக்கி மல்லாந்துட்டேன். முங்கிருவேன்னு பயந்தா, கடல் என்னையத் தூக்கி வச்சுக்கிருச்சு. அழுக வந்தவ சிரிச்சுட்டேன். அதுலருந்து நீந்தத்தான் வாரேன். பாவமில்லையா?”

“இல்லக்கா” என்றேன். அவர் நம்பவில்லை.

ராமநாதபுரத்தில் மகன் காத்திருந்தான். “அய்யாவுக்கு எல்லாம் செஞ்சியா, ஆத்தா?”

“செஞ்சேன்யா” என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த அமாவாசைக்கும் அவர் வந்திருக்க வேண்டுமென்று இன்றும் ஆசைப்படுகிறேன்.