நிபந்தனை சேஷகிரி

படித்துப் பார்க்காமல் எதற்கும் தான் ஒப்புக்கொண்டதில்லை என்பது ஐம்பத்திரண்டு வயது சேஷகிரியின் பெருமை. லாண்டரி ரசீதின் பின்பக்கம், மாத்திரைப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்த காகிதம், லிஃப்டில் ஒட்டிய அறிவிப்பு என்று எதையும் கடைசி வரி வரை விடமாட்டார். படித்ததோடு விட்டாலாவது பரவாயில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு விளக்கவும் செய்வார். கல்யாண மண்டப ஒப்பந்தத்தில் மூன்று பிழை கண்டுபிடித்து, தன் கல்யாணத்தையே வேறு முகூர்த்தத்துக்குத் தள்ளியவர் என்று மனைவி ரமா சொல்வாள். அது முழுப் பொய் இல்லை. அப்பா மாநில அரசில் முப்பது வருடம் கோப்பு பார்த்தவர். வியாதி பரம்பரையாக வந்தது.

வியாதிக்கேற்ற உத்தியோகமும் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் கிடைத்தது. பாலின் கொழுப்பை அளந்து, கன்னடத்தில் சீட்டு அச்சடித்துத் தரும் இயந்திரம் செய்கிற கம்பெனி. இயந்திரத்துக்குள் ஓடும் சாஃப்ட்வேரில் பாதிக்கு மேல் யார் யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக வைத்த புரோகிராம் துண்டுகள், அதாவது லைப்ரரிகள். இலவசம் என்றாலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு லைசென்ஸ் உண்டு. எம்.ஐ.டி. மாதிரி சில லைசென்ஸ்கள், என் பெயரைப் போட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போ என்று விட்டுவிடும். ஜி.பி.எல். அப்படி விடாது. என்னை உள்ளே சேர்த்து விற்றால், வாங்குகிறவனுக்கு உன் முழு சோர்ஸ் கோடையும், அதாவது நீ எழுதிய புரோகிராம் வரிகள் அத்தனையையும், கொடு என்று நிற்கும். கம்பெனி அதைக் கொடுக்காது. ஆகவே ஜி.பி.எல். உள்ளே நுழையாமல் காவல் காப்பது சேஷகிரியின் வேலை. முதுகுக்குப் பின்னால் தன்னை 'நிபந்தனை' என்று கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். உள்ளூர அதில் சந்தோஷம்தான்.

மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. இயந்திரங்கள் கிளம்ப நாலு நாள் இருந்தது. லைசென்ஸ் சோதிக்கும் புரோகிராம் ஒரு இடத்தில் சிவப்புக் காட்டியது. கன்னடக் கூட்டெழுத்து நடுவில் உடையாமல் வரியை மடக்கித் தரும் ஒரு சின்ன லைப்ரரி; அதன் லைசென்ஸ் ஜி.பி.எல்.தான். அந்த லைப்ரரியின் பெயர் எங்கேயோ கேட்டதாக இருந்தது, ஆனால் யோசிக்கக் கோபம் விடவில்லை. அதைச் சேர்த்தவள் வீணா. ஜோகுபாளையத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து எட்டு வருடம் உழைத்தவள், அந்த வெள்ளிக்கிழமை டீம் லீடர் ஆக வேண்டியவள். சேஷகிரி ஆபீஸ் முழுவதுக்கும் ஒரு மெயில் தட்டினார். "படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காததன் விளைவு இது. இவ்வளவு அலட்சியமான வீணாவுக்குப் பொறுப்பு கொடுக்கலாமா என்று நிர்வாகம் யோசிக்க வேண்டும்." அனுப்பிவிட்டுப் போய்க் காபி குடித்தார். அன்றைக்குக் காபி பிரமாதமாக இருந்தது.

திரும்பி வந்துதான் அந்த லைப்ரரியைத் திறந்தார். முதல் வரியிலேயே இருந்தது: காப்பிரைட் 2009, எஸ். சேஷகிரி.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பெயர் அழியவில்லை. அந்த வருடத் தசரா விடுமுறையில் பொழுது போகாமல் எழுதி இணையத்தில் ஏற்றியதுதான். லைசென்ஸ் ஒன்று வைக்க வேண்டுமே என்று, வேறெங்கோ இருந்த ஃபைலை அப்படியே காப்பியடித்து வைத்தார். பார்க்க நீளமாகவும் கௌரவமாகவும் இருந்தது. படிக்கவில்லை. மாத்திரைக் காகிதத்தைக் கூட விடாத மனுஷன், தன் பெயரில் ஊருக்குப் போட்ட நிபந்தனையை மட்டும் படிக்காமல் விட்டிருந்தார்.

எழுதியவன் நான்தானே, லைசென்ஸை மாற்றிவிட்டால் போச்சு என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். அதிலும் மண் விழுந்தது. நாலு வருடம் கழித்து பிரபா என்று முகம் தெரியாத ஒருவர் திருத்தங்கள் அனுப்ப, இவர் பெருந்தன்மையோடு சேர்த்துக்கொண்டிருந்தார். இப்போது பார்த்தால், ஒழுங்காக வேலை செய்கிற வரிகள் எல்லாம் பிரபாவுடையவை. சேஷகிரியுடையது பெயர்தான். பிரபா சம்மதிக்காமல் எதையும் மாற்ற முடியாது. ரொம்பப் பணிவாக மெயில் எழுதிக் கேட்டார். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. "மன்னிக்கவும். வாங்குகிறவருக்கும் சோர்ஸ் கோடு போய்ச் சேர வேண்டும் என்ற உங்கள் நிபந்தனை பிடித்துத்தான் என் உழைப்பைக் கொடுத்தேன். நீங்களே இப்படிக் கேட்பது ஆச்சரியமாக இருக்கிறது."

வீட்டில் ரமாவிடம் சொன்னார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஊர்ல இருக்கறதையெல்லாம் படிச்சேளே, நீங்க போட்டதைப் படிக்கலையா?" என்றவள், சிரிப்பு அடங்கியதும், "லைசென்ஸ் கிடக்கட்டும். முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட போய்ச் சொல்லுங்கோ" என்றாள்.

புதன்கிழமை காலை வீணாவின் மேஜைக்குப் போய் நின்றார். "வீணா, அந்த லைப்ரரி வந்து... யாரோடதுன்னா..."

"தெரியும் சார். அத்த எடுத்துட்டு வேற ஒண்ணு போட்டுட்டேன். எம்.ஐ.டி. லைசென்ஸ். ஒரு மத்தியானத்துல முடிஞ்சுது." கொஞ்சம் தயங்கி, "உங்களோடதவிட ஸ்பீடு கூட ஜாஸ்தி சார்" என்றாள்.

"தெரியும்னா அன்னைக்கே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சார் சொல்றது? படிக்காம எத்துக்கினது நான்தானே. மத்ததெல்லாம் லைசென்ஸ் பாத்துட்டுதான் சேர்ப்பேன். இது ஒண்ணுதான் பாக்கல. மேல உங்க பேர் இருந்துச்சு. சேஷகிரி சார் போட்டதுன்னா பாக்கவே வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால் சேஷகிரிக்கு இவ்வளவு உறைத்திருக்காது. வெட்கத்தில் காது சூடேற, தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்து ஆபீஸ் முழுவதுக்கும் இரண்டாவது மெயில் எழுதினார். "திங்கட்கிழமை நான் குறிப்பிட்ட அலட்சியம் வீணாவுடையது அல்ல, என்னுடையது. லைப்ரரியின் முதல் வரியைப் பார்க்கவும்." அனுப்புவதற்கு முன் அதை மூன்று தடவை படித்தார். முதல் மெயிலை ஒரு தடவைகூடத் திரும்பப் படிக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை இயந்திரங்கள் லாரி ஏறின. வீணா டீம் லீடர் ஆனாள். திங்கட்கிழமை அவள் ஒரு புது விதி எழுதி எல்லோரிடமும் கையெழுத்துக் கேட்டாள்: மேலே யார் பெயர் இருந்தாலும் லைசென்ஸைப் படித்த பிறகே லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். சேஷகிரி அதைக் கடைசி வரி வரை படித்தார். பிழை ஒன்றும் இல்லை. முதல் கையெழுத்து அவருடையது.