மஞ்சள் பட்ட சுவர்

வலது கை வழுவழுப்பான கல்லைச் சுவரில் அழுத்தித் தேய்க்கிறது. இடது கை பின்னாலேயே போய்த் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கிறது. புதுச் சுண்ணாம்பு வேர்வை போல நீர் கசியும். கசிகிற வரையில் தேய்ப்பு நிற்கக் கூடாது. நின்ற இடம் மங்கிப் போகும். காலை ஆறு மணிக்குத் தொடங்கிய கைகள். இப்போது பன்னிரண்டு.

கைகளுக்கு உரியவள் தேவானை. ராயப்பேட்டைக்காரி, நாற்பது வயது. வெளிச்சம் போன வீடுகளுக்கு மயிலாப்பூரில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வேலை பேச வந்தால் சுவரைப் பார்க்க மாட்டாள். ஒரு வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றி வருவாள்; துணி எங்கே வெளுக்கிறது, எங்கே கறுக்கிறது என்று பார்ப்பாள். "வெளிச்சம் வந்துகினுதான் கீது. தங்க எடம் இல்லாம பூடுது" என்பாள். தங்க இடம் செய்து கொடுப்பதுதான் தொழில்: சுவரைக் கண்ணாடியாக்குவது.

கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பது வழக்கம். வக்கீல் கோதண்டபாணி ஐயங்கார் வீட்டில் அது நடக்காது. தயிரும் வெல்லமும் போட்டுக் குழைத்திருக்கிறாள். "முட்டன்னா செவுரு சொன்ன பேச்சு கேக்கும். தயிருக்குக் கூடவே நின்னுகினு இருக்கணும்." சித்திரை வெயில் வேறு; எந்த நிமிஷம் காயும் என்று சொல்ல முடியாது.

முற்றத்தைப் பார்த்த அறை அது. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியதில் அதன் ஒரே ஜன்னல் குருடாகிவிட்டது. வக்கீலின் மனைவி வசந்தி மெட்ரிக் பரீட்சைக்குத் தானாகப் படிக்கிறாள்; கட்சிக்காரர்கள் நுழையாத இடம் வீட்டில் அது ஒன்றுதான். இருட்டறை நெல்லுக்குத்தான் லாயக்கு என்றார் வக்கீல். கெஞ்சியதற்கு ஒரு தவணை தந்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, உள்மூலையில் நின்று, விளக்கில்லாமல் பேப்பர் படிக்க முடிந்தால் அறை அவளுக்கு. இல்லாவிட்டால் நெல் மூட்டைகள் இறங்கும். அந்த வெள்ளிக்கிழமை இதுதான்.

தனக்கென்று தள்ளி வைத்த குவளையில் தண்ணீர் குடிக்க தேவானை முற்றத்துக்குப் போனாள். திரும்பியபோது சுவரின் நடுவில் ரத்தச் சிவப்பாக ஒரு பொட்டு; கீழே வழிந்துகொண்டிருந்தது. எதிரில் வசந்தி, விரலில் மஞ்சளோடு.

"வெள்ளிக்கிழமையாச்சே. நல்லபடியா முடியணும்னு வேண்டிண்டு இட்டேன்."

"ஆரத்தி கரைக்கிற கைதானம்மா இது? மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா இன்னா ஆவும்னு நானா சொல்லணும்?"

"துடைச்சுடட்டுமா?"

"தொடாதீங்க. இன்னும் பரவும்."

பூச்சுக் கரண்டி முனையால் உள்ளங்கை அகலத்துக்குச் செதுக்கி எடுத்தாள். சட்டியின் அடியில் மிஞ்சியிருந்த விழுதை வழித்து அப்பினாள். புதியது ஈரம், சுற்றிலும் பாதி காய்ந்தது. இரண்டும் ஒட்டாவிட்டால் மாலைக்குள் விரிசல் விடும். ஓரத்திலிருந்து நடுவுக்கு, வட்ட வட்டமாகத் தேய்த்தாள். வசந்தி பரிதாபப்பட்டு விசிறியை எடுத்தாள்.

"அத்த கீழ போடு தாயி. காத்து பட்டா காஞ்சுடும்."

கூடத்திலிருந்து வக்கீலின் குரல் வந்தது. "ஆச்சா?"

"ஆவுது சாமி."

"கார்த்தாலேர்ந்து இதையேதானே சொல்லிண்டிருக்கே."

"செவுரும் காலைலேர்ந்து அத்தயேதான் சொல்லுது சாமி."

வசந்திக்குச் சிரிப்பு வரவில்லை. தெருவில் மாட்டு வண்டி வந்து நின்றது.

மூன்று அடித்தபோது தேவானை ஒட்டுப் போட்ட இடத்தைக் கண்ணால் தேடவில்லை. கண்ணை மூடி விரலால் தேடினாள். ஓரம் விரலுக்கும் அகப்படவில்லை. பின்னோக்கி நகர்ந்து, அறைக்கு வெளிச்சம் வரும் ஒரே வழியான நிலைப்படியில் நின்று, முழுச் சுவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வக்கீல் அவள் விலகிக் கொடுத்த இடுக்கில் நுழைந்து, உள்மூலைக்குப் போய்ப் பேப்பரை விரித்தார். கிட்டே வைத்தார், தள்ளி வைத்தார்.

"ஒரு எழுத்தும் தெரியலையே" என்றார்.

வாசலில் வண்டிக்காரன் முதல் மூட்டையை முதுகில் ஏற்றிவிட்டான். வசந்தி தெருக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

தேவானை கல்லைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகினாள். நிலைப்படியை விட்டு இறங்கி, முற்றத்து ஓரமாக ஒதுங்கி நின்றாள். அறைக்குள் பேப்பர் வெளுத்தது; வக்கீலின் உதடுகள் அசையத் தொடங்கின.