அரம் போட்ட பிளக்

நூர்முகமது பாயிடம் வண்டியை விட்டவர்களில் அவரைத் திட்டாதவர்கள் கிடையாது. நானும் திட்டியிருக்கிறேன். ஹாரன் அடிக்கவில்லை என்று கொண்டுவந்த வண்டிக்குக் கீழேயும் போய்ப் படுப்பார். கியர் பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்த பிறகுதான் ஹாரனைத் தொடுவார். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கு எதிரே அவர் ஷெட்டுக்கும் என் பஞ்சர் கடைக்கும் ஒரே கூரை. மனிதருக்குக் கிறுக்கு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

கிறுக்கு இல்லை. எழுபத்திரண்டில் ஒரு வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் பாக்ஸுக்குள் பல் உடைந்து சிக்கி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, எங்கள் கண்ணெதிரே ஏரிக்குள் உருண்டது. முதலில் குதித்தவர் நூர் பாய். மூன்று பேரை இழுத்துக் கரையில் போட்டார். ஒருவருக்கும் உயிர் இல்லை. அதற்குப் பிறகு வந்த வழக்கம் அது.

அவருக்கு ஒரே தங்கை, சைதூன். தாய் தகப்பன் இல்லாத பெண்ணை இவர்தான் வளர்த்து, ஊரப்பாக்கத்தில் பழைய கார் தரகு செய்த கியாசுதீனுக்குக் கட்டிக்கொடுத்தார். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது; அவன் அந்த வகை. சோற்றில் உப்பு கூடினால்கூட சைதூனை அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுவான். இரண்டு தடவை அனுப்பியாயிற்று. அடுத்த தடவை அனுப்பினால் திரும்பக் கூப்பிடுவதில்லை என்று பெரியவர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தான். நூர் பாய் அவனிடம் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

எழுபத்து நான்கில் படாளத்து விவசாயி சடையப்பன் பாதி நிலத்தை விற்று, டாக்ஸி ஓட்டுவதற்காக இந்தக் கியாசுதீனிடம் ஒரு பழைய அம்பாசிடர் வாங்கினார். மகள் கன்னியம்மாவுக்குக் கல்யாணம் கூடிவர வேண்டுமென்று திருவிடந்தைப் பெருமாளுக்கு வேண்டுதல். மறுநாளே பிள்ளை குட்டிகளோடு அந்த வண்டியில் கிளம்ப ஏற்பாடு. பேர் மாற்றும் வேலையாக அன்று வாங்கியவரும் விற்றவனும் செங்கல்பட்டுக்கு வந்திருந்தார்கள். ஆபீஸ் வேலை முடிந்ததும் சடையப்பன் மட்டும் வண்டியை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து விட்டார்.

"இன்ஜின் எண்ணெய் மட்டும் மாத்துங்க பாய். கியர் பாக்ஸ ஒரு வருசத்துக்குத் தொடவே வேணாம்னு உங்க மச்சானே சொல்லிக்கீறாரு" என்று சொல்லிவிட்டு நாஸ்தாவுக்குப் போனார்.

நூர் பாய் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கி, இறங்காமல் இருக்கக் கட்டையை முட்டுக் கொடுத்து, நேரே கியர் பாக்ஸுக்குக் கீழேதான் போனார்.

எண்ணெய் இறக்கும் துளையை மூடியிருந்த பிளக் அசையவே இல்லை. ஸ்பேனர் பிடிக்காமல் வழுக்கியது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஸ்பேனர் வழுக்கி மழுங்கிய தலை இல்லை அது. மூலைகளை அரம் போட்டு ராவியிருந்தது; கோடுகூடப் புதிதாக இருந்தது. இனி யாரும் திறக்கக் கூடாது என்று ஒருவன் பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பெயர்தான் தோன்றியிருக்கும்.

மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பிறகு பிளக்கின் ஓரத்தில் உளியால் ஒரு வெட்டு வெட்டி, அதில் உளியைச் சாய்த்து வைத்து, சுழல வேண்டிய பக்கமாக அடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் கியாசுதீன் வந்தான்.

"மச்சான், வெயில்ல இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வுட்டுடு."

அடி நிற்கவில்லை. அவன் ஜாக்கி பக்கமாக வந்து, கட்டை மேல் காலை வைத்தான். மெதுவாக ஒரு தள்ளு தள்ளினான். கட்டை ஒரு விரற்கடை நகர்ந்தது. மேலே வண்டி முனகியது.

"சைதூன் நல்லாத்தான் கீது மச்சான். நேத்துகூட உன்னப் பத்திப் பேசிகினு இருந்துச்சு. அது நல்லா இருக்கணும் இல்ல?"

சுத்தியல் நின்றது. வெளியே தெரிந்தது நூர் பாயின் கால்கள் மட்டும்தான். டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஞானதாசு, நீ உன் வேலையப் பாரு" என்றான், சிரித்துக்கொண்டே.

பக்கத்தில் போனால் அந்தக் கால் என்ன செய்யுமோ என்று நின்ற இடத்திலேயே நின்றேன். படாளத்துக்காரன் எக்கேடு கெட்டாலும் சரி, இந்த மனுஷன் முழுசாக வெளியே வந்தால் போதும் என்றுதான் எனக்கு இருந்தது.

சுத்தியல் மறுபடி விழுந்தது. முன்பைவிட பலமாக. கியாசுதீன் சிரிப்பை நிறுத்தியதை அன்றுதான் பார்த்தேன். கட்டை இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. ஒரு அடி, இன்னொரு அடி. கீச்சென்று பிளக் சுழன்ற சத்தமும் பல்லைக் குத்தியபடி சடையப்பன் ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒன்றாக நடந்தன. கியாசுதீன் காலை எடுத்துக்கொண்டான்.

பிளக் கழன்றும் எண்ணெய் வரவில்லை. கம்பியை விட்டுக் குத்திய பிறகு கேழ்வரகுக் கூழ் மாதிரி ஒன்று பொத்தென்று விழுந்தது. அதில் உடைந்த பற்கள் கிடந்தன. சடையப்பன் குனிந்து பார்த்து, இது என்ன என்று கேட்டார்.

நூர் பாய் வெளியே வந்து, கையைக்கூடத் துடைக்காமல் சொன்னார்: "மரத்தூளு. ஒடஞ்ச கியரு சத்தம் போடாம இருக்க ரொப்பி வச்சது. இதுல போயிருந்தா வழியிலேயே சக்கரம் பூட்டிக்கும். வித்தவன் அதோ நிக்கறான், கேளுங்க."

நூர் பாய் தன் மச்சானை அவன் இவன் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சடையப்பன் சட்டையைப் பிடிக்க, ரோட்டில் போனவர்களெல்லாம் கூடிவிட, வண்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் கியாசுதீனை விட்டார்கள். போகும்போது நூர் பாயிடம் ஒன்றே ஒன்று சொன்னான். "உன் தங்கச்சிய அனுப்பறேன். நீயே வச்சிக்க."

மறுநாள் மத்தியானம் சைதூன் இடுப்பில் குழந்தையும் கையில் தகரப் பெட்டியுமாக ஸ்டேஷன் பக்கமிருந்து நடந்து வந்தாள். கன்னத்தில் வீக்கம். நூர் பாய் எழுந்து நின்றார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர். என்னால்தானே என்று ஏதோ ஆரம்பித்தார்.

சைதூன் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்த மரத்தூள மாவு சல்லடையில என்னையதான் சலிக்கச் சொன்னாரு. அந்த வண்டி என்னைக்காவது உன் கையில வரும், நீ தொறக்காம வுட மாட்டேன்னு தெரியும்ணே. அன்னைக்கே பொட்டி கட்டி வச்சிட்டேன்."