மூடியில் வைத்த சந்தனம்

புத்தலப்பட்டு தாண்டியதும் பைக் இழுக்காமல் திணறி நின்றது. பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்தேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனது.

நைனாவுக்கு முன்னால் டேங்கின்மேல் உட்கார்ந்து போன வயதில் கேட்ட சத்தம். பிளக்கை மாற்றியும் அவர் வண்டி வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பாதி வழியில் நின்றுவிடும். வெள்ளிப் பூஜையில் அம்மா மூடியில் அப்பிய சந்தனம் காற்றுத்துளையை அடைத்து, பெட்ரோல் இறங்காமல் செய்திருந்தது. ஒருநாள் நைனா அதைக் கண்டுபிடித்து ஊக்கால் குத்தி எடுத்தார்.

“அம்மாகிட்ட சொல்லாத கண்ணு. நான் நல்லபடியா திரும்பணும்னு வெக்கிறா.”

பிறகு வெள்ளிதோறும் தெரு திரும்பியதும் நின்று குத்துவார்.

இப்போது நானும் துப்பட்டா ஊக்கால் குத்தினேன். திருப்பதி போனதும் அம்மா போனில் கேட்டாள்.

“வண்டி எங்கியும் நிக்கலியே?”

“உன் சந்தனம் இருக்கச்சொல்ல எப்படிம்மா நிக்கும்?”

“உங்க நைனா மாதிரியே பேசற. ஊக்கு எடுத்துக்கினுதான போன?”